எரியாமல் போன டியூப் லைட்டை ஏன் குப்பையில் போடக்கூடாது? எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது?

எல்இடி அல்லாத டியூப் லைட், சிஎஃப்எல், சில வகைத் தெருவிளக்குகள் எல்லாம் பாதரச விளக்குகள். மின்சாரம் பாயும்போது உள்ளே இருக்கும் பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிடும். கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை நாம் காணும் ஒளியாக மாற்றும்.

ஒரு சிஎஃப்எல்லில் இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான். ஆனால் அது நச்சு, அதோடு அந்துருண்டை மாதிரி, குப்பையில் விளக்கு உடைந்தால் சூடாக்காமலே, சாதாரண அறை வெப்பத்தில் ஆவியாகிக் காற்றில் கலந்துகொண்டே இருக்கும். வாசனை மட்டும் வராது, அதுதான் சிக்கல்.

அதனால் மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும்; உடையாமல் கொண்டுபோவதுதான் அதில் முக்கால்வாசி வேலை. புது விளக்கு வந்த அட்டை உறையிலேயே பழையதைச் செருகுங்கள். பல குழாய்களை வெறுமனே டேப் போட்டு இறுக்கிக் கட்டினால் ஒன்றோடொன்று மோதி உடையும். இடம் மிச்சமாகும் என்று நீங்களே உடைப்பது மிக மோசமான யோசனை.

தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு 10 நிமிடம் வெளியே இருங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் பொடியைப் பரப்பும், வேண்டாம். கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத்தை டேப்பால் ஒற்றியெடுத்து, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடுங்கள்.

மறுசுழற்சி ஆலையில் மூடிய இயந்திரத்துக்குள் கண்ணாடி, உலோக முனை, பொடி எனப் பிரிப்பார்கள். பொடியைச் சூடாக்கி, வரும் பாதரச ஆவியைக் குளிரவைத்துத் திரும்பப் பிடிப்பார்கள்.

"ஃபியூஸ் போன விளக்கில் பாதரசம் தீர்ந்திருக்கும்" என்று பலர் நினைப்பது தவறு. அது பொடியிலும் கண்ணாடியிலும் ஒட்டியபடி உள்ளேயேதான் இருக்கிறது.