காசு கட்டுவதா, இலவசமா? தரவு மென்பொருள் பற்றிய கேள்வி-பதில்

தரவை அறிக்கையாகவும் வரைபடமாகவும் காட்டும் பவர் பிஐ, டேப்லோ போன்ற சந்தா மென்பொருள்களை எடுப்பதா, ஆர், மெட்டாபேஸ் போன்ற ஓபன் சோர்ஸ் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்களோடு போவதா என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். விலையைப் பார்ப்பதற்கு முன், அடுத்த வருடம் இதை யார் பார்த்துக்கொள்வார் என்று யோசியுங்கள். கீழே உள்ள பதில்கள் அநேகமாக அதில்தான் வந்து நிற்கும்.

சம்மாந்துறை: "தம்பி, எங்களுக்கு அரிசி ஆலை. கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஆறு பேருக்கு பவர் பிஐ சந்தா எடுக்கச் சொல்கிறார்கள். மருமகன் மெட்டாபேஸ் சும்மா கிடைக்கும், நானே போட்டுத் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்க?"

ஐயா, முதலில் கணக்கு. பவர் பிஐ புரோ ஒருவருக்கு மாதம் 14 டொலர். 2025 ஏப்ரலுக்கு முன் அது 10 டொலர். ஆறு பேருக்கு 84 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் மாதம் 25,200 ரூபா, வருடம் மூன்று இலட்சத்துக்கு மேல். வரவு ரூபாவில், செலவு டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மெட்டாபேஸின் ஓபன் சோர்ஸ் பதிப்புக்குச் சந்தா இல்லை, அது உண்மை. ஆனால் எந்நேரமும் ஓடும் ஒரு கணினி, ஒரு யூபிஎஸ், பேக்அப் எடுக்க ஓர் ஆள் எல்லாம் வேண்டும். மெட்டாபேஸை நிறுவியவுடன் அது உங்கள் அறிக்கைகளை எச்2 என்ற சின்னத் தரவுத்தளக் கோப்பில்தான் சேமிக்கும். அது சோதித்துப் பார்க்க மட்டும், அன்றாட வேலைக்கு அல்ல என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். திடீரென்று கரன்ட் போய் அந்தக் கோப்பு கெட்டால், செய்து வைத்த அறிக்கைகள் எல்லாம் போய்விடும். "அன்றாட வேலைக்கு ஏற்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்றிவிட்டாயா?" என்று மருமகனிடம் கேளுங்கள். மாற்றியிருந்தால் அவர் விஷயம் தெரிந்த பிள்ளை. அப்புறம், அவர் கட்டாருக்குப் போனால் யார் பார்ப்பது என்றும் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், இப்போதைக்குச் சந்தாவும் வேண்டாம், மெட்டாபேஸும் வேண்டாம். பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம், விண்டோஸ் கணினி இருந்தால் போதும். மற்றவர்களோடு பகிர்வதற்குத்தான் காசு. கிழமைக்கு ஒரு தடவை அறிக்கையை பிடிஎஃப் ஆக எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால் ஆறு பேரும் பார்க்கலாம். எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடும் வழியை யாராவது காட்டினால் தொடாதீர்கள். அந்த லிங்க் கிடைத்த எவரும் உங்கள் நெல் கொள்வனவு விலையைப் பார்த்துவிடலாம்.

இதையெல்லாம் விட முக்கியம் தராசுத் துண்டு. திகதி, ஊர், நெல் இனம், ஈரப்பதம், நிறை, விலை, குற்றிய பின் வந்த அரிசி இவை ஒவ்வொரு லோடுக்கும் எக்செலில் ஒரு வரியாக ஏறுகிறதா? ஒரு பெரும்போகம் முழுக்க ஒழுங்காக ஏறினால், எந்த ஊர் நெல்லில் அரிசி கூடுதலாக விழுகிறது என்பதை எக்செலே சொல்லிவிடும். அந்தப் பழக்கம் வராமல் எந்த மென்பொருளுக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

வந்தாறுமூலை: "இறுதி வருட ஆய்வுக்கு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருள் வேண்டும். நண்பனிடம் கிராக் பதிப்பு இருக்கிறது. பாவிக்கலாமா?"

வேண்டாம். கிராக் கோப்போடு வைரஸ் வந்து, ஆய்வு ஒப்படைக்கும் கிழமையில் மடிக்கணினி படுத்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? ஜமோவி அல்லது ஜாஸ்ப் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம், இரண்டும் எஸ்பிஎஸ்எஸ் கோப்புகளைத் திறக்கும். டி சோதனை, கை வர்க்கம், அனோவா, ரிக்ரெஷன் எல்லாம் மவுஸால் தெரிவு செய்தே செய்யலாம். ஜமோவி ஆர் மொழியின் மேல் ஓடுவது. நீங்கள் செய்த பகுப்பாய்வுக்கான ஆர் கட்டளையை அதுவே காட்டும். அப்படியே ஆர் பழகிவிடலாம். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதை ஆய்வறிக்கையில் எழுதுங்கள். மேற்பார்வையாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசியில் அல்ல.

ஏறாவூர்: "ஓபன் சோர்ஸ் என்றால் உள்ளே இருப்பதை எல்லோரும் பார்க்கலாமே. எங்கள் தகவலும் வெளியே போகாதா?"

எல்லோரும் பார்ப்பது மென்பொருளின் நிரலை. உங்கள் தரவு உங்கள் கணினியில்தான் இருக்கும். ஆபத்து வருவது புதுப்பிக்காமல் விடுவதால். 2021 டிசம்பரில் லொக்4ஜே என்ற ஓபன் சோர்ஸ் நிரலில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. திருத்தம் உடனே வந்தது. அதைப் போடாமல் விட்டவர்கள்தான் கூடுதலாக அடிபட்டார்கள். காசுக்கு விற்ற மென்பொருள்கள் பலவற்றுக்குள்ளும் அதே நிரல் இருந்தது.

மட்டக்களப்பு நகர்: "எங்கள் பெண்கள் அமைப்புக்கு ஒரு நிதி வழங்குநர் இரண்டு வருடத்துக்கு டேப்லோ எடுத்துத் தருகிறார். வாங்கலாமா?"

வாங்குங்கள், ஆனால் முழுப் பாரத்தையும் அதன் மேல் ஏற்றாதீர்கள். திட்டம் முடியும் நாளில் சந்தாவும் முடியும். அதற்குப் பிறகு அந்தக் கோப்புகளை முன்போலத் திருத்த முடியாமல் போகலாம். எத்தனையோ திட்டங்களின் தரவு இப்படித்தான் நம் கண் முன்னே முடங்கிப் போகிறது. அடுத்த திட்டத்துக்கு அதே கிராமங்களில், அதே பெண்களிடம், அதே கேள்விகளோடு மறுபடி போய் நிற்கிறோம். அவர்களுடைய நேரத்துக்கும் மதிப்பு இருக்கிறது.

கள ஆய்வை, கேள்விப் படிவங்களைப் போனில் நிரப்ப உதவும் கோபோ டூல்பொக்ஸில் எடுங்கள். அது ஓபன் சோர்ஸ், சிக்னல் இல்லாத இடத்திலும் போனில் பதியலாம். இலவசக் கணக்குக்கு வரம்பு உண்டு, முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மூலத் தரவை சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) உங்கள் அலுவலகத்திலேயே வையுங்கள். தரவைத் துப்புரவு செய்யும் வேலையை ஆர் அல்லது பைதன் நிரல் மொழியில் எழுதி வைத்தால் டேப்லோ போனாலும் அது நிற்கும். வரைபடத்துக்கு மட்டும் டேப்லோ.

பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம் மூன்றையும் பிரித்து வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் மேலே ஏற்றுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கடன் எடுத்த பெண்ணின் பெயர் வெளியே போனால் ஊரில் அவர் படும் பாட்டை எந்தச் சட்டமும் சரிசெய்யாது.

காத்தான்குடி: "பாமசிக்கு எது நல்லது?"

உங்கள் பில் மென்பொருளிலிருந்து விற்பனையை எக்செலுக்கு எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கூகுள் ஷீட்டில் போட்டு, கூகுளின் அறிக்கைக் கருவியான லுக்கர் ஸ்டூடியோவோடு இணைத்தால் போதும், இரண்டும் இலவசம். முடியாவிட்டால் பில் மென்பொருளை மாற்றுவதுதான் முதல் வேலை.

களுவாஞ்சிக்குடி: "சிஎஸ்வியை எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கோணல் எழுத்தாக வருகின்றன. காசு கட்டி எடுத்தால் சரியாகுமா?"

காசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோப்பை இரட்டைக் கிளிக் செய்யாமல், எக்செலின் டேட்டா பகுதிக்குப் போய் சிஎஸ்வியை உள்வாங்குங்கள். கோப்பின் மூலம் (File Origin) எதுவென்று கேட்கும் இடத்தில் 65001 யூனிகோட் என்பதைத் தெரிவு செய்தால் தமிழ் தமிழாக வரும். அப்படியும் ஆங்கில எழுத்துகளாகவே தெரிந்தால், அது பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பாக இருக்கும். யூனிகோட் மாற்றியில் போட்டு மாற்றிய பிறகு, பெயர்களை ஒரு தடவை கண்ணால் சரிபாருங்கள்.