கிறிஸ்தவ வாழ்வில் ஒருவர் முதிர்ச்சி அடைந்துவிட்டார் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

இளைஞனாக இருந்தபோது கேட்டிருந்தால், நிறைய வசனம் மனப்பாடமாகத் தெரிந்தவர், அடிக்கடி உபவாசம் இருப்பவர் என்று சொல்லியிருப்பேன். பைபிளில் அப்போஸ்தலர் பவுல் கொரிந்து பட்டணத்துச் சபையாருக்கு எழுதின முதல் நிருபத்தை, அதாவது கடிதத்தை, ஒரே மூச்சில் வாசித்தபிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

எந்த வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று முதல் அதிகாரத்தில் அந்தச் சபையைப் பற்றி எழுதும் பவுல், மூன்றாம் அதிகாரத்தில் அவர்களையே குழந்தைகள் என்கிறார். காரணம் பொறாமை, வாக்குவாதம், 'நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்' என்ற பிரிவினை. 11-ம் அதிகாரத்தில் இன்னும் மோசம். இயேசுவை நினைவுகூரும் கர்த்தருடைய பந்தியிலேயே முந்தினவர் சாப்பிட்டுவிடுகிறார், இல்லாதவர் பசியோடு இருக்கிறார். இந்தச் சண்டைக்காரச் சபைக்குத்தான் அன்பைப் பற்றிய 13-ம் அதிகாரம் எழுதப்பட்டது. கல்யாணங்களில் வாசித்து வாசித்து அதிலுள்ள கண்டிப்பை நாம் மறந்துவிட்டோம். அன்பு "தற்பொழிவை நாடாது", அதாவது தன் நலத்தைத் தேடாது என்கிறவர், சற்றுத் தள்ளி "குழந்தைக்கேற்றவைகளை ஒழித்துவிட்டேன்" என்கிறார். குழந்தை எதையும் 'எனக்கு' என்றுதான் கேட்கும். அந்த 'எனக்கு' ஓய்வதைத்தான் நான் முதிர்ச்சி என்பேன்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில், சபைத் தேர்தல் சமயத்தில் ஒருவர் பெரியப்பாவைக் கோயில் வாசலில் வைத்தே கேவலமாகப் பேசினார். இரண்டு வருஷம் கழித்து அப்படிப் பேசினவரின் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். எங்கள் பெரியம்மா தினமும் காலையில் போய் அவருக்கு உடம்பு துடைத்து, தலை வாரி, கஞ்சி கொடுத்துவிட்டு வருவார். எனக்கு ஆத்திரம். "அன்னைக்கு அவங்க பேசினது மறந்துபோச்சா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"மறக்கலயே. அதுக்காக அவ எப்படித் தனியா எந்திரிப்பா?" என்றார்.

அதே அதிகாரத்தில் அன்பு "தீங்கு நினையாது" என்று வருகிறதே, அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் கணக்கு வைப்பதற்கும் வழங்கிய சொல். அதாவது, செய்த தீங்கைக் கணக்கில் எழுதி வைக்காது. நான் அந்த இரண்டு வருஷமும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறவன் நான். பெரியம்மாவோ கூச்சத்தில் ஜெபக்கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிக்கக்கூட மாட்டார்.

அந்த மனிதர் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. பெரியம்மா எட்டு மாதம், அந்த அம்மா கம்பை ஊன்றித் தானாக நடக்கும்வரை, போய்வந்தார்.