முதலில் அந்த டப்பாவைப் பிரியுங்கள்

கேள்வி: வயது 31, மணமாகவில்லை. ஒரு வருடமாக ஜெர்மன் தத்துவ அறிஞர் நீட்ஷேயைப் படிக்கிறேன். அவரைப் போல வேலையை உதறிவிட்டு, மலைப்பக்கம் அறை எடுத்துத் தனியாக இருந்து எழுத ஆசை. வீட்டுப் பற்றும் விட்டுவிட்டது. அம்மா கூரியரில் அனுப்பிய முறுக்கு டப்பா மூன்று வாரமாகப் பிரிக்காமலே கிடக்கிறது. வேலையை விடலாமா?

பதில்: வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த டப்பா ஏன் மூன்று வாரமாகக் கிடக்கிறது? வந்து சேர்ந்தது என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நீட்ஷே வேலையை உதறவில்லை, தம்பி. 24 வயதில் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர், தலைவலியும் கண் கோளாறும் தாங்க முடியாமல் 1879இல் விலகினார். ஆண்டுக்குச் சுமார் 3,000 பிராங்க் பென்ஷன் வந்தது. அந்தத் தெம்பில்தான் சில்ஸ் மரியா என்ற மலைக்கிராமத்தில் நாளுக்கு ஒரு பிராங்க் வாடகைக்கு அறை எடுத்தார். உங்களுக்குப் பென்ஷன் யார் தரப்போகிறார்கள்?

அந்த மலை அறைக்கும் பார்சல் வந்தது. ஹாமும் சாசேஜும், நவும்பர்க்கிலிருந்து அம்மா பிரான்சிஸ்கா கட்டி அனுப்பியவை. எந்த மாதிரி ஹாம் வேண்டும் என்று மகனே கடிதத்தில் கேட்பார். கடவுள் இறந்துவிட்டார் என்று எழுதிய அதே கைதான்! பிரான்சிஸ்காவோ ஒரு பாதிரியாரின் மனைவி, 23 வயதில் விதவையானவர். மகன் எழுதியதெல்லாம் அவருக்கு உறுத்தல்தான். இருந்தும் பார்சல் கட்டினார்.

1889 ஜனவரியில் டூரின் நகரத்தில் நீட்ஷேக்குப் புத்தி பேதலித்தது. நண்பர் ஒருவர் அவரைப் பாசலுக்குக் கூட்டி வந்தார். அங்கே ஓடிவந்து, ரயிலில் யேனா மருத்துவமனைக்கு அழைத்துப் போனது அம்மா. அடுத்த வருடம் வீட்டுக்கே கூட்டி வந்தார். கையைக் கோத்துக்கொண்டு தெருவில் நடத்திக் கூட்டிப்போனார். 1897இல் தான் சாகும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டார். ஐரோப்பா நீட்ஷேயின் புத்தகங்களைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த வருடங்களில்தான். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

நீங்கள் படித்தது மலையை மட்டும். பெற்றவள் கை வலிக்கப் பிழிந்து அனுப்பியதைத் தொடாமல் போட்டுவிட்டு, அதற்குப் பற்றின்மை என்று வேறு பெயர் வைக்கிறீர்கள். நான் அதைத் திமிர் என்பேன்.

வேலையை விடுவதா வேண்டாமா என்பதைச் சேமிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கு நீட்ஷே எதற்கு? இப்போது போய்க் கத்தரிக்கோலை எடுத்து அந்த டேப்பை வெட்டுங்கள். ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே அம்மாவுக்கு போன் போடுங்கள். நமத்துப் போச்சா என்றுதான் முதலில் கேட்பார்.