கிருஷ்ணகிரி மாதிரி ஊரில் இருந்துகொண்டு வீட்டிலேயே காரமான டெக்கிலா காக்டெய்ல் செய்ய முடியுமா?

முடியும். பெங்களூரில் செய்வதைவிட நன்றாகவே முடியும். கேட்டது மார்கரிட்டா வகை: மெக்சிகோவில் அகவே கற்றாழையில் வடிக்கும் டெக்கிலா மதுவோடு எலுமிச்சைச் சாறும், ஆரஞ்சு லிக்கர் என்ற இனிப்பு மதுவும் கலப்பது.

கேட்டவர் அநேகமாக பெங்களூரில் வேலை பார்த்து, இப்போது வீட்டிலிருந்தே வேலை என்று ஊர்ப்பக்கம் வந்திருப்பவர். மெக்சிகோ மிளகாயான ஜலபீனோ கிடைக்காது, ஆரஞ்சு லிக்கர் கிடைக்காது, அகவே சிரப் கிடைக்காது, இந்த ஊரில் என்னத்தைச் செய்வது என்ற சலிப்பு கேள்வியிலேயே தெரிகிறது. என் மச்சானுக்கும் இதே சலிப்பு உண்டு. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

அதற்கு முன், "குடியை வளர்க்கிறாயா" என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: நான் குடிக்கச் சொல்லவில்லை. 21 வயது ஆகாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளியில் வாங்கி ஓசூர் வழியாகக் கொண்டுவரலாமா என்று தனிச்செய்தியில் கேட்காதீர்கள். பர்மிட் இல்லாமல் கொண்டுவந்தால் கேஸ். நான் பார்டெண்டரும் கிடையாது. ஓசூரில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத புத்தி மட்டும் உண்டு.

மச்சான் ஆபீஸ் வேலையாக வெளிநாடு போய்த் திரும்பும்போது டியூட்டி ஃப்ரீயில் இரண்டு பாட்டில் டெக்கிலா வாங்கிவந்திருந்தார். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் சந்தூர் பக்கம் மாமனார் தோட்டத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். "மாப்ள, இந்த ஊர்ல ஒரு ஜலபீனோகூட கிடைக்காதா" என்று வந்ததிலிருந்து புலம்பல். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, தோட்டத்துப் பச்சை மிளகாயை ஒரு கைப்பிடி கிள்ளி ஒரு பாட்டிலுக்குள் போட்டுவிட்டார். வீடியோவில் அப்படித்தான் போட்டார்களாம். வீடியோக்காரன் போட்டது ஜலபீனோ. அது தடித்த சதை, காரம் கம்மி. நம்ம பச்சை மிளகாய் அதைப்போலப் பல மடங்கு உறைக்கும்.

காலையில் ஒரு மூடி ஊற்றி நாக்கில் வைத்தார். விக்கல் பிடித்துக்கொண்டது. மிளகாய் கிள்ளிய கையைச் சரியாகக் கழுவாமல் கண்ணையும் கசக்கிவிட்டார். தண்ணி தண்ணி என்று கத்த, என் மாமியார் என்ன ஏதென்று கேட்காமல் தயிர்ச் சொம்பை நீட்டினார். சரியான வைத்தியம் அதுதான். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பால், தயிரில் உள்ள புரதம்தான் அதை நாக்கிலிருந்து பிடித்து இழுக்கும்.

ஆனால் சாராயத்தில் அது நன்றாகக் கரையும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காரம் விதையில் இருப்பதாகச் சொல்வார்கள். இல்லை, விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளை நரம்பில்தான் இருக்கிறது. 200 மில்லி டெக்கிலாவுக்கு இரண்டு பச்சை மிளகாய் போதும், நீளவாக்கில் கீறி, நரம்பைப் பாதி வழித்துவிட்டுப் போடுங்கள். ஜலபீனோவின் பச்சை வாசனைக்கு அரை பஜ்ஜி மிளகாயை வட்டமாக நறுக்கிப் போடுங்கள். மணம் அது கொடுக்கும், உறைப்பை மற்றது பார்த்துக்கொள்ளும். இருபது நிமிடத்தில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள் வடிகட்டிவிட வேண்டும். கூடிப்போன காரத்தைச் சர்க்கரை போட்டு மறைக்கலாம், எடுக்க முடியாது. மச்சானின் பாட்டிலை நான் காப்பாற்றியது, அதில் ஒரு பங்குக்கு இரண்டாவது பாட்டிலிலிருந்து நாலு பங்கு கலந்துதான்.

புளிப்புக்கு மாங்காய். கிளிமூக்கு மாங்காயைத் துருவி, ஒரு சிட்டிகை உப்புப் பிசறி ஐந்து நிமிடம் வைத்து, துணியில் பிழிந்தால் வெளிர்பச்சையாகச் சாறு இறங்கும். நாட்டு மாங்காய் அளவுக்கு அது புளிக்காது, அதனால் கொஞ்சம் எலுமிச்சை. இனிப்புக்கு, சம அளவு வெல்லமும் தண்ணீரும் கொதிக்கவைத்து மண் போக வடிகட்டிய பாகு. மிளகாய் டெக்கிலா 60 மில்லி, மாங்காய்ச் சாறு 30, எலுமிச்சை 10, பாகு 20. எல்லாவற்றையும் பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஐஸ் நிறையப் போட்டு, மூடியை இறுக்கி, பாட்டில் கைக்குப் பிடிக்க முடியாமல் சில்லென்று ஆகும்வரை குலுக்குங்கள். உருகும் ஐஸ் தண்ணீரும் கணக்கில் சேர்ந்ததுதான், ஐஸில் கஞ்சம் பிடித்தால் தொண்டையைப் பிடிக்கும். கிளாஸ் விளிம்பில் எலுமிச்சையைத் தேய்த்து, பொடித்த கல்லுப்பும் மிளகாய்த்தூளும் கலந்ததில் பாதி வட்டம் மட்டும் ஒற்றி எடுங்கள். உப்பு வேண்டாமென்றால் உப்பில்லாத பக்கமாகக் குடிக்கலாம்.

"மாங்காய் போட்டால் மார்கரிட்டாவே இல்லை" என்று ஒருவர் வருவார், தெரியும். மெக்சிகோவில் தெருவோரம் மாங்காய்த் துண்டில் உப்பும் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தூவித்தான் விற்கிறார்கள், நம்ம பள்ளிக்கூட வாசலில் விற்ற அதே பண்டம். மிளகாய் அந்தப்பக்கத்திலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் நமக்கு வந்தது. மாங்காய் மணிலாவிலிருந்து அகாபுல்கோ போன ஸ்பானியக் கப்பல்களில் அங்கே போனது. ஆரஞ்சு லிக்கரை விட்டுவிட்டு இனிப்புப் பாகு மட்டும் சேர்ப்பதும் என் கண்டுபிடிப்பு இல்லை, சான்பிரான்சிஸ்கோவில் டாமீஸ் என்ற மெக்சிகன் ஓட்டலில் அகவே பாகு வைத்து அப்படிச் செய்து, உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

பாட்டில் வாங்கும்போது 100% அகவே என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் 51 சதவீதம் அகவே சர்க்கரை இருந்தாலே போதும், மிச்சம் வேறு சர்க்கரையாக இருக்கலாம், அதற்கு மெக்சிகோ சட்டமே இடம் கொடுக்கிறது. மரப்பீப்பாயில் ஊறாத வெள்ளை டெக்கிலாதான் மிளகாய்க்குப் பொருந்தும். நம்ம தோட்டத்து வேலியில் நிற்கிற ஆனைக்கற்றாழை அகவே அமெரிக்கானா, டெக்கிலா எடுக்கும் நீல அகவேக்குப் பங்காளி. பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தில் டெஸ்மண்ட் நசரத் என்பவர் தக்காணத்துக் கற்றாழையில் மது வடித்து 2011 வாக்கிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். மெக்சிகோவுக்கு வெளியே வடித்தால் டெக்கிலா என்று பெயர் போட முடியாது, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு வீட்டில் கற்றாழையை வெட்டி ஊறவைக்க வேண்டாம். பச்சைச் சாறு பட்டாலே தோல் அரித்துத் தடித்துவிடும், மதுவை வீட்டில் வடிப்பது குற்றமும்கூட.

மச்சான் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். "பெங்களூர்ல இதுக்கு எண்ணூறு ரூபா வாங்குவான் மாப்ள." அந்த வார்த்தைதான் எனக்கு வயிற்றெரிச்சல். எந்த மாங்காய் அங்கே எண்ணூறு ரூபாய் கிளாஸில் மிதக்கிறதோ, அதே கிளிமூக்கை 2025 சீசனில் இங்கே கிலோ ஐந்து ரூபாய்க்கு வாங்க ஆளில்லை. மாமனார் லோடு ஏற்றி ஒரு கூழ் ஃபேக்டரிக்கு அனுப்பினார். வண்டியை கேட்டிலேயே நிறுத்திவைத்து, அடியில் கிடந்த பழம் கசிய ஆரம்பித்த பிறகு வந்து, "ஸ்டாக் ஜாஸ்தி, விலையைக் குறைச்சுக்குங்க" என்றார்கள். பறிக்கிற கூலி, வண்டி வாடகை கழித்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. பல பேர் பறிக்காமல் மரத்திலேயே விட்டார்கள். வருடா வருடம் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி மட்டும் கிருஷ்ணகிரியில் ஜோராக நடக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். இருக்கட்டும்.

மாங்காய் இல்லாத மாதங்களில் புளி. புதுப்புளியைத் தண்ணீராகக் கரைத்து 30 மில்லி, பாகை ஐந்து மில்லி கூட்டிக்கொள்ளுங்கள். தர்மபுரிப் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை.

அகலமான மார்கரிட்டா கிளாஸ் அவசியமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். டீக்கடை கிளாஸே போதும்.