மீன் இல்லாத நாளில் வாழைக்காய்: சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. தொண்டி பக்கம் கடற்கரைக் கிராமம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் சாப்பிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும். அப்போது வாழைக்காயை மீன் துண்டு மாதிரி நறுக்கி, மீன் மசாலா தடவிப் பொரித்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்வோம். சர்க்கரைக்கு ஆகாது என்று மகள் திட்டுகிறாள். எனக்கும் வயிறு உப்புகிறது. வாழைக்காயை நிறுத்திவிடவா? எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிச் சமைப்பது?
- வாசகி, தொண்டி

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. மகள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வந்தாலும் விலை கட்டுப்படியாகாது. அந்த இரண்டு மாதமும் மீன் இருந்த இடத்தில் வாழைக்காய் உட்கார்ந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 18 முதல் 20 கிராம் புரதம் உண்டு. வாழைக்காயில் ஒரு கிராம், கூடிப்போனால் ஒன்றரை. மசாலா ஒன்றாக இருப்பதால் நாக்கு ஏமாந்துவிடும், உடம்பு ஏமாறாது. வாழைக்காய் மாவுப்பண்டம். சோறும் வாழைக்காயும் சேர்ந்தால் மாவுக்கு மேல் மாவு. அதனால், அரை வாழைக்காய் சாப்பிடும் நாளில் ஒரு கரண்டி சோற்றைக் குறையுங்கள். மீனுக்குப் பதிலாக ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் பாசிப்பயறோ, தட்டைப்பயறுக் குழம்போ வையுங்கள். கருவாட்டுக் குழம்பில் வாழைக்காய் போட்டால் ருசிதான். ஆனால் உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது. கருவாட்டை நன்றாக ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல், எப்போதாவது ஒரு நாள் போதும்.

கடையில் மொந்தன் ரக வாழைக்காய் கேளுங்கள். நம் மாவட்டம் வறண்ட பூமி, பெரும்பாலான காய் வெளியூரிலிருந்து லாரியில் வருகிறது. ஆகவே காம்பைப் பாருங்கள். காம்பு பச்சையாக, கிள்ளினால் பால் கசிந்தால் புதுக்காய். விளிம்புகள் கத்தி மாதிரி கூராக இருந்தால் முற்றாத காய், துவர்க்கும். தோலில் மஞ்சள் படர ஆரம்பித்த காயைச் சர்க்கரை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. செரிக்கத் தாமதமாகும் மாவு காய் பழுக்கப் பழுக்க இனிப்பாக மாறிக்கொண்டே போகும். இரண்டு நாள் வைத்திருக்க வேண்டுமென்றால் தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் போதும்.

பொரிப்பதைவிட வேகவைப்பதுதான் உங்களுக்கு ஏற்றது. காயை இரண்டாக வெட்டி, தோலோடு முக்கால் பதம் வேகவையுங்கள். ஆறியதும் தோலை உரித்துத் துருவி, கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்தால் பொடிமாஸ். வெந்து ஆறும்போது மாவின் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத வகையாக இறுகிவிடும், இதுவும் சர்க்கரைக்கு ஓரளவு அனுகூலம். மீன் வறுவல் ருசிதான் வேண்டுமென்றால், அரைவேக்காட்டுத் துண்டுகளைக் கொஞ்சம் கனமாக நறுக்கி, மசாலா தடவி, தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுங்கள். மெல்லிசாகச் சீவிப் பொரிக்கும் சிப்ஸ்தான் எண்ணெயை அதிகம் குடிக்கும். முண்டு மிளகாயைக் குறைக்கச் சொல்லி உங்கள் ஊர்க்காரரிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை. நெஞ்செரிச்சல் இல்லாதவரை நான் தலையிட மாட்டேன். உப்பை மட்டும் குறையுங்கள்.

மேல் நரம்பை மட்டும் சீவிவிட்டு, கழுவிய தோலை வதக்கித் துவையல் அரைக்கலாம், நார்ச்சத்து கிடைக்கும். நறுக்கும்போது கை கறுப்பதைப் பார்த்து 'இரும்புச்சத்து நிறைய' என்பார்கள். அது துவர்ப்புச் சத்து காற்றுப்பட்டுக் கறுப்பது. ரத்தசோகைக்கு வாழைக்காயை நம்பி இருக்காதீர்கள்.

வயிறு உப்புவதற்குப் பழி முழுவதையும் வாழைக்காய் மேல் போட முடியாது. சிறுகுடலில் செரிக்காமல் போகும் மாவைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் நொதிக்க வைப்பதால் வாயு வருகிறது, உண்மைதான். மெட்ஃபார்மினும் வயிற்றை உப்பவைக்கும். அதை வெறும் வயிற்றில் விழுங்குகிறீர்களா? சாப்பாட்டோடு சேர்த்துப் பாருங்கள். வாழைக்காயை ராத்திரிக்கு வைக்காமல் மதியம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். கடலைமாவு பஜ்ஜி, மொச்சை இரண்டையும் அதே நாளில் சேர்க்க வேண்டாம். பெருங்காயம், பூண்டு போடும் வழக்கத்தை மாற்ற அவசியமில்லை. அப்படியும் உப்பல் தீராமல் எடையும் குறைந்தால் நேரில் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. வாழைக்காயில் பொட்டாசியம் அதிகம், டெல்மிசார்ட்டனும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் பயமில்லை. ஆனால் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருப்பவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் பார்க்க வேண்டும். பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். கிரியாட்டினின் கூடியிருந்தால் காயைத் தோல் சீவி, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். அப்போது எவ்வளவு சாப்பிடலாம் என்பதை ரிப்போர்ட்டைப் பார்த்து உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.