வாத்தியாரைக் கேளுங்கள்: மலை, கடல், பாலைவனம்

கேள்வி: எவரெஸ்ட் உலகின் உயரமான மலையே இல்லை, ஈக்வடாரில் இருக்கும் சிம்போராசோதான் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா ஐயா?
*– வாசகர், திண்டுக்கல்*

இதே கேள்வி வேறு சில ஊர்களிலிருந்தும் வந்திருக்கிறது. யாரோ மும்முரமாக ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறார்கள். செய்தி பொய் இல்லை, அரைகுறை.

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் இடுப்புப் பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கிறது. மையத்திலிருந்து நிலநடுக்கோடு வரை 6,378 கி.மீ.; துருவம் வரை 6,357 கி.மீ.தான். சிம்போராசோ கிட்டத்தட்ட நிலநடுக்கோட்டின் மேலேயே நிற்கிறது. எவரெஸ்ட் இருப்பதோ வடக்கே 28 பாகையில். அதனால் சிம்போராசோவின் உயரம் 6,263 மீட்டர்தான் என்றாலும், அதன் உச்சி பூமியின் மையத்திலிருந்து எவரெஸ்டைவிட சுமார் 2 கி.மீ. தள்ளி இருக்கிறது. மேடை மேல் ஏறி நின்று "நான்தான் உயரம்" என்று சொல்லும் பையன் கதை.

மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்துதான் அளப்பது வழக்கம். மையத்திலிருந்து அளக்க ஆரம்பித்தால் விபரீதமாகப் போகும். ஈக்வடார் கடற்கரை மணலில் சும்மா உட்கார்ந்திருப்பவர், வட துருவத்தில் நிற்பவரைவிட இரண்டு எவரெஸ்டுக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதாகக் கணக்கு வரும். கடலும் அங்கே சேர்ந்தே புடைத்திருக்கிறதே! ஆகவே எவரெஸ்டின் பட்டம் பத்திரமாக இருக்கிறது: 8,848.86 மீட்டர். நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பரில் சேர்ந்து அறிவித்த அளவு இது. அடிவாரத்திலிருந்து உச்சி வரை அளப்பேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், ஹவாயின் மௌனா கியா ஜெயிக்கும். கடலுக்கு மேலே 4,207 மீட்டர்தான் தெரியும். கடலடித் தரையிலிருந்து கணக்குப் போட்டால் 10,000 மீட்டரைத் தாண்டும்.

என் மேஜையில் 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை ஒன்று இருக்கிறது. இமயமலையைத் தடவினால் விரலில் தட்டுப்படும்படி செய்திருக்கிறார்கள். உண்மையான விகிதத்தில் எவரெஸ்ட் 0.2 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். நிலநடுக்கோட்டு விட்டமோ துருவ விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அதைச் செய்த புண்ணியவான் மலையை ஊதிவிட்டு, புடைப்பை விட்டுவிட்டார்.

இந்தப் புடைப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான் 1735-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு குழுவை இன்றைய ஈக்வடாருக்கு அனுப்பியது. அடுத்த வருஷம் இன்னொரு குழு ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்குப் போனது. இரண்டு இடத்து அளவுகளையும் ஒப்பிட்டதில், பூமி இடுப்பில் புடைத்திருக்கும் என்று நியூட்டன் சொன்னதே சரி என்று ஆயிற்று.

கேள்வி: எங்கள் வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் ஒரு கடல் பிராணியின் புதைபடிவம் என்று கல்லூரியில் சொன்னார்கள். அது இமயமலையில்தானே கிடைக்கிறது? பாட்டியிடம் சொன்னால் திட்டுகிறார்.
*– கல்லூரி மாணவி, ஸ்ரீரங்கம்*

பாட்டி திட்டட்டும், பரவாயில்லை. சாளக்கிராமம் கிடைப்பது நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில். ஆற்றுக்கு மேலே, 3,700 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் முக்திநாத் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் தலமாக வைணவர்கள் வணங்கும் இடம். அந்தப் பக்கத்துக் கருநிறக் களிப்பாறைகள் அரிக்கப்படும்போது உள்ளேயிருந்த உருண்டைக் கற்கள் ஆற்றில் விழுந்து, உருண்டு வழவழப்பாகின்றன.

கல் உடைந்திருந்தால் உள்ளே பாருங்கள். சுருள் ஒன்று நடுவிலிருந்து விரிந்துகொண்டே போகும். அதன் குறுக்கே வரிவரியாக விலா எலும்பு போன்ற மேடுகள் இருக்கும். சக்கரம் என்று நாம் கும்பிடுவது அதைத்தான். அம்மோனைட் என்ற உயிரினத்தின் ஓடு அது. கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுத்து, கடைசி அறையில் குடியிருந்தது. டைனோசர்கள் அழிந்த சமயத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இதுவும் அழிந்துபோனது.

கடல் பிராணி மலைக்கு ஏறவில்லை, கடலின் தரைதான் மலையாக எழுந்தது. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே அப்போது டெதிஸ் என்ற கடல் இருந்தது. தெற்கிலிருந்து நகர்ந்து வந்த இந்தியத் தட்டு (இந்தியாவைச் சுமக்கும் பாறைப் பாளம்) ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோத, நடுவில் கிடந்த வண்டல் எல்லாம் மடிந்து மேலே வந்தது. எவரெஸ்டின் உச்சிப் பாறையே கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். மோதல் இன்னும் ஓயவில்லை. நேபாளத்தில் வரும் நிலநடுக்கங்கள் அதன் விளைவு.

அம்மோனைட் பார்க்க முக்திநாத் வரை போக வேண்டியதில்லை. உங்கள் ஊரிலிருந்து அரியலூர் பக்கம்தான். அங்கே மலை எழவில்லை, பழைய காலத்தில் கடலே உள்ளே வந்து போயிருக்கிறது. பாட்டியையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: ஜனவரியில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறதாமே. அப்புறம் ஏன் குளிர்கிறது?
*– ஏழாம் வகுப்பு மாணவர், ஓசூர்*

அருகில் என்றால் 14.7 கோடி கி.மீ.; ஜூலையில் 15.2 கோடி. வித்தியாசம் கொஞ்சம்தான். பூமி 23.5 பாகை சாய்ந்திருப்பதுதான் பருவங்களுக்குக் காரணம். ஜனவரியில் நம் வடபாதி சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். வெயில் சரிவாக விழும், பகலும் குறைவு. அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் சுட்டெரிக்கும்.

கேள்வி: கடலை ஒட்டியே இருக்கும் அட்டகாமா எப்படிப் பாலைவனமானது?
*– வாசகி, தூத்துக்குடி*

தண்ணீர் பக்கத்தில் இருந்தால் போதாது. ஈரக் காற்று மேலே ஏறிக் குளிர்ந்தால்தான் மழை. சிலியின் வடகரையில் மூன்று விஷயங்கள் சேர்ந்து அதைத் தடுக்கின்றன. அந்த அட்சரேகையில் காற்று பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்குகிறது. அமேசான் பக்கத்து ஈரத்தை ஆண்டிஸ் மலை மறித்துவிடுகிறது. மூன்றாவது, என்னைக் கேட்டால் பெரிய வில்லன், ஹம்போல்ட் நீரோட்டம். தெற்கேயிருந்து வரும் அந்தக் குளிர்நீர் கரையோரக் காற்றைக் கீழ்ப்பக்கம் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, மேலே ஏறாது. பனிமூட்டமாகக் கரையில் படுத்துக் கிடக்கும், மழையாகாது.

அங்குள்ள அரிகா நகரில் 1903 அக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை மழையே பதிவாகவில்லை. அது துறைமுக நகரம் என்பதுதான் வேடிக்கை! மலைச்சரிவில் வலை கட்டி, பனிமூட்டத்தின் துளிகளைப் பிடித்து, குடிநீராக்கிய கிராமமும் சிலியில் உண்டு. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனமும் இப்படித்தான், அங்கே பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம்.

கேள்வி: நீளமான ஆறு நைலா, அமேசானா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது.
*– வாசகர், விருதுநகர்*

நைல் 6,650 கி.மீ., அமேசான் சுமார் 6,400 என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அமேசான் எந்த மலை ஓடையில் தொடங்குகிறது, முகத்துவாரத்தில் எந்தக் கிளையோடு முடிகிறது என்பதில் தகராறு தீரவில்லை. தொடக்கத்தை மாற்றினால் அமேசானே நீளம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். தண்ணீரில் மட்டும் சண்டைக்கே இடமில்லை. உலக ஆறுகள் கடலில் கொட்டும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அமேசானுடையது. நைல் பக்கத்திலேயே வர முடியாது.

தேர்வில் நைல் என்றே எழுதுங்கள். வேலை கிடைத்த பிறகு சாவகாசமாக வாதாடலாம்.