பேத்திக்கு யார் பொறுப்பு?

கேள்வி: என் மகளும் மருமகனும் இரண்டு வருடங்களுக்கு முன் ஒரே விபத்தில் இறந்துவிட்டார்கள். நாலாம் வகுப்பு படிக்கும் பேத்தி அன்றிலிருந்து என்னிடம்தான் வளர்கிறாள். எனக்கு வயது 64. குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மருமகனின் பெற்றோர் உயிரோடு இல்லை. அவருடைய அண்ணன், "எங்கள் வம்சத்துப் பிள்ளை எங்கள் வீட்டில்தான் வளர வேண்டும். உங்களுக்கு வயதாகிவிட்டது, வருமானமும் போதாது" என்கிறார். என் மகள் பேரில் உள்ள மனையைத் தானே விற்றுக் குழந்தை பேரில் பணம் போடுவதாகச் சொல்லி, முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். மகளின் டெபாசிட்டைக் கேட்டால், கோர்ட்டில் கார்டியன் உத்தரவு வாங்கி வரச் சொல்கிறது வங்கி. அப்பா வழிக்குத்தான் முதல் உரிமையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, அந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பா வழிக்கு முதல் உரிமை என்பது ஊர்ப்பேச்சு. 1956ஆம் ஆண்டின் இந்து மைனர், கார்டியன் சட்டம் இயற்கைக் காப்பாளராகச் சொல்வது அப்பாவையும் அம்மாவையும்தான். பெரியப்பாவும் அந்த வரிசையில் இல்லை, நீங்களும் இல்லை. பெற்றவர்கள் இருவரும் போன பிறகு யார் பொறுப்பு என்று நீதிமன்றம்தான் முடிவு செய்யும். அங்கே 'யார் வீட்டுப் பிள்ளை' என்ற பேச்சு எடுபடாது. பிள்ளையின் நலன் எங்கே என்பதுதான் கேள்வி. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது.

முன்பு இப்படி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மைனர் ஜமீன்தார்களின் எஸ்டேட்டைக் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அமைப்பு எடுத்து நடத்தியது; பையன்களைச் சென்னை தேனாம்பேட்டையில் நியூயிங்டன் மாளிகையில் தங்க வைத்துப் படிக்க வைத்தார்கள். 1919இல் அந்தப் பள்ளியின் முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டு, மாணவர்களே வழக்கில் சிக்கினார்கள். நிலத்தின் மேல் இருந்த கண் பிள்ளைகளின் மேல் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். உங்கள் சம்பந்தி வீட்டுப் பேச்சிலும் பிள்ளையோடு மனையும் சேர்ந்தே வருவதைக் கவனித்தீர்களா?

அடையாறில் இன்னொரு வழக்கு. பின்னாளில் தத்துவ ஞானியாகப் பெயர்பெற்ற ஜிட்டு கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும், பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்டின் பொறுப்பில் விட்டு 1910இல் கடிதம் கொடுத்த தகப்பனார் நாராயணய்யா, பிறகு மனம் மாறிச் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறி, தீர்ப்பு அவர் பக்கமே வந்தது. ஆனால் 1914இல், அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளிவிட்டது. பையன்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள், செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை, பையன்களின் விருப்பத்தையும் கேட்கவில்லை என்றது. கூடவே, தகப்பன் எழுதிக் கொடுத்த கடிதம் பொறுப்பை நிரந்தரமாகக் கைமாற்றிவிடாது என்றும் சொன்னது. பெற்ற தகப்பனின் கடிதத்துக்கே அவ்வளவுதான் மதிப்பு. நீங்கள் போடும் கையெழுத்து பெரியப்பாவைக் கார்டியன் ஆக்காது. ஆனால் நாளைக்கு, 'பாட்டியே விட்டுக்கொடுத்தார்' என்று காட்ட அவருக்கு ஒரு காகிதம் கிடைத்துவிடும்.

வயதையும் வருமானத்தையும் சொல்லிப் பயமுறுத்துகிறாரா? குஜராத்தில் கொரோனாவில் தாய் தந்தையை இழந்த ஒரு சிறுவனை, தாத்தா பாட்டிக்கு வயதாகிவிட்டது, சித்திக்கு அரசு வேலை இருக்கிறது என்று சித்தியிடம் கொடுத்தது உயர் நீதிமன்றம். 2022இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வயதையும் வருமானத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று தாத்தா பாட்டியிடமே ஒப்படைத்தது. அங்கே ஜெயித்தது அப்பா வழிதான், பெரியப்பா அதைத் தூக்கிக் காட்டலாம். காட்டட்டும். 2008இல், மனைவியின் மரண வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஒரு தகப்பன் மகனைக் கேட்டபோது, அம்மா வழித் தாத்தா பாட்டியிடமே பிள்ளையை இருக்கவிட்டதும் உச்ச நீதிமன்றம்தான்.

இனி செய்ய வேண்டியது. கோர்ட் வளாகத்தில் 'ஜி.டபிள்யூ.ஓ.பி.' என்று கேட்டால் எந்த வக்கீலுக்கும் புரியும்; 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போடும் கார்டியன் மனு அது. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போட வேண்டும், அதாவது உங்கள் ஊரில். குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் குழந்தையின் பொறுப்பு அங்கே. சொத்தின் பொறுப்பு மாவட்ட நீதிமன்றத்தில். இறப்புச் சான்றுகள், பிறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பள்ளிக்கூடக் கட்டண ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பொறுப்பேற்கச் சம்மதம் என்று நீங்கள் எழுதித் தரும் தாளில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். மனுவை ஏற்றதும் உறவினர்களுக்கு நோட்டீஸ் போகும், உங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று ஒட்டுவார்கள். அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று கிழித்துவிடாதீர்கள், அது முறைப்படி நடப்பது.

மனை இப்போது முழுக்கப் பேத்தியுடையது. கோர்ட் நியமிக்காமல், உறவு என்ற முறையில் மட்டும் ஒருவர் மைனர் சொத்தை விற்க முடியாது. கோர்ட் நியமித்த கார்டியன்கூட, நாளைக்கு நீங்களே என்றாலும், அனுமதி வாங்கித்தான் விற்க முடியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு ஆட்சேப மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்; அவ்வப்போது வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். டெபாசிட்டுக்கு உத்தரவு கேட்கும் வங்கியோடு சண்டை வேண்டாம், அவர்கள் கேட்பது சரிதான்.

உங்களுக்கு மகன் இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். பெற்றவர்கள்போல உயிலில் கார்டியனை எழுதி வைக்கும் அதிகாரம் பாட்டிக்கு இல்லை. உங்களுக்குப் பிறகு தாய்மாமன் பார்த்துக்கொள்வார் என்பதை மனுவிலேயே சொல்லலாம்.

நீதிபதி பேத்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசலாம். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள்; மனப்பாடம் செய்த பதில் நீதிபதிக்கு உடனே தெரிந்துவிடும். பெரியப்பா குழந்தையைப் பார்க்க வந்தால் தடுக்கவும் வேண்டாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்றால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுங்கள்.